ஒரே கணினியில் பல பைத்தான், பல நோட், பல ஜாவா: ஒன்றோடொன்று மோதாமல் அமைக்க முழு வழிகாட்டி

பழைய ப்ராஜெக்ட் ஒன்று பைத்தான் 3.8, நோட் 16, ஜாவா 8இல் ஓடுகிறது. அதை இப்போதைக்கு யாரும் மேம்படுத்தப் போவதில்லை. புதிய ப்ராஜெக்டுக்கு பைத்தான் 3.12, நோட் 22, ஜாவா 17 வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் ஓட வேண்டும். ஒன்றில் கை வைத்தால் மற்றது உடையக் கூடாது. இந்த நிலைமையை உதாரணமாக வைத்தே கீழே உள்ள படிகள் போகின்றன. லினக்ஸுக்கும் மேக்குக்கும் படிகள் ஒன்றுதான். விண்டோஸுக்கு மட்டும் உரியது பிற்பகுதியில் தனியாக இருக்கிறது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சூழல் மாறிகளைத் தவிர எல்லாமே சிற்றெழுத்து.

முதலில் பாத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பதிப்புக் குழப்பம் என்று வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை பாத் பிரச்சினைகளே. நீங்கள் "பைத்தான்3" என்று தட்டினால், பாத் என்ற சூழல் மாறியில் வரிசையாக உள்ள ஃபோல்டர்களை ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும். பின்னால் இன்னும் நான்கு பைத்தான் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. எந்தப் பதிப்பு மேலாளரை எடுத்தாலும், அது செய்வது உங்களுக்கு வேண்டிய பதிப்பின் ஃபோல்டரை இந்த வரிசையில் முன்னால் கொண்டுவருவதுதான்.

எனவே எதையும் நிறுவும் முன் "டைப் -ஏ பைத்தான்3" என்று ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் எல்லா பைத்தானையும் தேடும் வரிசையிலேயே காட்டும். உதாரணமாக இப்படி வரலாம்:

பைத்தான்3 இஸ் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பைத்தான்3
பைத்தான்3 இஸ் /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

இரண்டாவது வரி இயங்குதளத்தோடு வந்தது. முதல் வரி எப்போதோ யாரோ மூலநிரலில் இருந்து கட்டி "மேக் இன்ஸ்டால்" போட்டது. இனி எந்த ஸ்கிரிப்ட் "பைத்தான்3" என்று கூப்பிட்டாலும் அந்த அநாமதேயப் பதிப்புதான் ஓடும். இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அது எதற்காக வந்தது என்று விசாரித்துவிட்டு அகற்றுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை கண்டுபிடித்த கட்டளையின் இடத்தை பேஷ் நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பை நிறுவிய பிறகும் பழையதே ஓடினால் "ஹேஷ் -ஆர்" என்று தட்டுங்கள், இசட்ஷெல்லில் "ரீஹேஷ்". அல்லது டெர்மினலை மூடித் திறங்கள்.

மூன்று அடுக்கு

தனிமைப்படுத்துவது மூன்று மட்டத்தில் நடக்கிறது. முதலாவது மொழியின் பதிப்பு: பைத்தான் 3.8ஆ, 3.12ஆ. இரண்டாவது அந்தப் பதிப்பின் மேல் நிறுவும் பேக்கேஜ்கள். மூன்றாவது இயங்குதளத்தின் நூலகங்கள்: ஓப்பன்எஸ்எஸ்எல், ஜிலிப்சி போன்றவை. முதல் அடுக்குக்குப் பதிப்பு மேலாளர், இரண்டாவதற்கு வென்வ் (ப்ராஜெக்டுக்கென்று தனி பைத்தான் பேக்கேஜ் ஃபோல்டர்) அல்லது நோட்_மாட்யூல்ஸ் (நோட்டில் அதே வேலையைச் செய்யும் ஃபோல்டர்), மூன்றாவதற்கு கன்டெய்னர் (தன் நூலகங்களையும் சேர்த்தே அடைத்துவைத்த தனிச் சூழல்).

முதல் இரண்டு அடுக்கோடு முடிகிற வேலைக்கு கன்டெய்னரை இழுத்து வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைப் பரிந்துரைக்க மாட்டோம். டீபக்கரை இணைப்பது, கோப்பு உரிமை, எடிட்டர் என்று ஒவ்வொன்றிலும் கூடுதல் சிரமம். மூன்றாவது அடுக்கு உண்மையிலேயே உதைக்கும்போது போதும்.

இயங்குதளத்தின் பைத்தானில் கை வைக்காதீர்கள்

உபுண்டு 22.04 பைத்தான் 3.10உடனும், 24.04 பைத்தான் 3.12உடனும் வருகின்றன. அவை உங்களுக்காக வைத்தவை அல்ல. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அவற்றை நம்பி இருக்கின்றன. /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 இணைப்பை வேறு பதிப்புக்குத் திருப்பினால் "ஏபிடி_பிகேஜி" மாட்யூல் இல்லை என்று பேக்கேஜ் கருவிகள் புலம்பத் தொடங்கும். காரணம் எளிது: அந்த மாட்யூலின் சி பகுதி குறிப்பிட்ட ஒரு பைத்தான் பதிப்புக்கென்றே கட்டப்பட்டது, வேறு பதிப்புக்கு அது கண்ணில் படாது.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி பிப். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் "பிப் இன்ஸ்டால்" என்று நேரடியாகப் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுத்துவிடும். பெப் 668 என்ற விதியின்படி வந்த தடுப்பு இது. "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்று சேர்த்துத் தாண்டிப்போக வழி உண்டு. என்ன நடக்கும் என்பதை அந்தப் பெயரே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

படி 1: பழைய மேலாளர்களைத் துடையுங்கள்

பைஎன்வ், என்விஎம், ஏஎஸ்டிஎஃப், எஸ்டிகேமேன் என ஒவ்வொன்றும் .பேஷ்ஆர்சி அல்லது .இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பில் சில வரிகளைச் சேர்த்துவிட்டுப் போகும். இரண்டு மேலாளர்கள் ஒரே மொழியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கடைசியாக ஓடிய வரிதான் பாத்தின் முன்னிடத்தைப் பிடிக்கும். வரிகளின் வரிசை மாறினால் பதிப்பும் மாறும். ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஒரு மொழிக்கு ஒரே மேலாளர். வேண்டாதவற்றின் வரிகளை நீக்கிவிட்டுப் புதிய டெர்மினல் திறங்கள்.

பல மொழிகளை ஒரே கருவியால் கையாள இந்த வழிகாட்டி மீஸைப் பயன்படுத்துகிறது (எம், ஐ, எஸ், இ என நான்கெழுத்து; 2024 தொடக்கம் வரை ஆர்டிஎக்ஸ் என்ற பெயரில் இருந்தது). ஏஎஸ்டிஎஃப்பும் இதே வேலையைச் செய்யும். நீங்கள் பைத்தான் மட்டுமே எழுதுபவர் என்றால் மீஸே வேண்டாம். யூவி என்ற கருவி பதிப்பு, வென்வ், லாக் கோப்பு (பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புப் பட்டியல்) மூன்றையும் தானே பார்த்துக்கொள்ளும், வேகமும் அதிகம்.

படி 2: மீஸை நிறுவி ஷெல்லில் இணையுங்கள்

அதன் அதிகாரப்பூர்வ நிறுவல் ஸ்கிரிப்ட் வழியாகவோ, மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகவோ நிறுவலாம். ஸ்கிரிப்ட் வழியில் போனால் உங்கள் ஹோம் ஃபோல்டரின் .லோக்கல்/பின்னில் வந்து உட்காரும். பிறகு .பேஷ்ஆர்சியின் கடைசி வரியாக இதைச் சேருங்கள்:

இவால் "$(மீஸ் ஆக்டிவேட் பேஷ்)"

இசட்ஷெல் என்றால் "பேஷ்" இருக்கும் இடத்தில் "இசட்எஸ்ஹெச்". கடைசி வரியாக இருப்பது முக்கியம். இதற்குப் பின்னால் வேறு ஏதாவது பாத்தை மாற்றினால் மீஸ் பின்னுக்குத் தள்ளப்படும். புதிய டெர்மினலில் "மீஸ் டாக்டர்" ஓட்டுங்கள். ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் அதுவே சொல்லும்.

படி 3: ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் பதிப்பை எழுதி வையுங்கள்

பழைய ப்ராஜெக்டின் ஃபோல்டருக்குள் போய்:

மீஸ் யூஸ் --பின் பைத்தான்@3.8 நோட்@16 ஜாவா@ஸூலு-8

புதியதில்:

மீஸ் யூஸ் --பின் பைத்தான்@3.12 நோட்@22 ஜாவா@டெமுரின்-17

பதிப்புகள் இறங்கும், கூடவே அந்த ஃபோல்டரில் மீஸ்.டாம்எல் என்ற கோப்பு உருவாகும். "--பின்" இல்லாவிட்டால் கோப்பில் வெறும் 22 என்று மட்டும் எழுதப்படும். இன்று நீங்கள் நிறுவும் 22ம், ஆறு மாதம் கழித்துக் குழுவில் சேருபவர் நிறுவும் 22ம் வேறு வேறு சிறு பதிப்புகளாக இருக்கும். "--பின்" இருந்தால் மூன்று எண்ணும் முழுமையாகப் பதிவாகும். இந்தக் கோப்பை கிட்டில் சேருங்கள். மற்றவர்கள் க்ளோன் செய்து "மீஸ் இன்ஸ்டால்" என்று தட்டினால் போதும். கோப்பில் சூழல் மாறிகள் போன்றவையும் இருந்தால் முதலில் "மீஸ் ட்ரஸ்ட்" கேட்கும். கோப்பைத் திறந்து படித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள்; யாரோ எழுதிய கோப்பு உங்கள் ஷெல்லின் சூழலை மாற்றப்போகிறது.

ஸூலு, டெமுரின் இரண்டும் ஜாவாவை வெவ்வேறு அமைப்புகள் கட்டித் தரும் வெளியீடுகள். ஜாவா 8க்கு ஸூலுவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: ஆப்பிள் சிலிக்கான் மேக்குக்கு டெமுரின் 8 கிடையாது, ஸூலு 8 உண்டு. நோட்டிலும் இதே கதைதான். ஆப்பிள் சிலிக்கானுக்கான அதிகாரப்பூர்வ நோட் பைனரி 16இல்தான் தொடங்குகிறது. 14 வேண்டுமென்றால் ரொசெட்டாவில் (இன்டெல் நிரல்களை அந்த மேக்கில் ஓட்டும் ஆப்பிளின் கருவி) இன்டெல் பைனரியை ஓட்ட வேண்டும், அல்லது மூலநிரலில் இருந்து கட்ட வேண்டும்.

சரிபார்க்க: ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் போய் "பைத்தான் --வெர்ஷன்", "நோட் -வி", "ஜாவா -வெர்ஷன்". ஃபோல்டர் மாறும்போது எண்ணும் மாற வேண்டும்.

மூலநிரலில் இருந்து கட்ட நேர்ந்தால்

மீஸ் பெரும்பாலும் முன்பே கட்டிவைத்த பைத்தானை இறக்கும். பைஎன்வ் எப்போதும் மூலநிரலில் இருந்து கட்டும். கட்டுவதென்றால் உபுண்டுவில் முதலில் இவை வேண்டும்: பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று. எஸ்க்யூலைட் நூலகம் இல்லாவிட்டாலும் பைத்தான் வெற்றிகரமாகக் கட்டப்பட்டுவிடும். பல வாரம் கழித்து ஜாங்கோ ஓட்டும்போது "_எஸ்க்யூலைட்3 என்ற மாட்யூல் இல்லை" என்று வரும். உடனே பிப்பில் அதைத் தேடிப் பயனில்லை. அது பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டிய பகுதி. விடுபட்ட நூலகத்தை நிறுவி, அந்தப் பைத்தானை அழித்து, மறுபடி கட்ட வேண்டும். "_சிடைப்ஸ்" என்று வந்தால் எஃப்எஃப்ஐ, "_எல்இசட்எம்ஏ" என்றால் எல்இசட்எம்ஏ, "_பிஇசட்2" என்றால் பிஇசட்2 விடுபட்டிருக்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டு பக்கமும் உதைக்கும். பைத்தான் 3.10 முதல் குறைந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வேண்டும், எனவே பழைய லினக்ஸில் புதிய பைத்தான் தகராறு செய்யும். உபுண்டு 22.04இல் இருப்பதோ ஓப்பன்எஸ்எஸ்எல் 3, அதில் பைத்தான் 3.6 போன்ற பழையவற்றைக் கட்டுவது தலைவலி. இப்படிப்பட்ட இடத்தில் கன்டெய்னருக்குப் போய்விடலாம்.

படி 4: பைத்தானுக்கு வென்வ்

மீஸ் பதிப்பை மட்டும்தான் பிரித்துக் கொடுத்தது. 3.12இல் இரண்டு ப்ராஜெக்ட் இருந்தால் அவற்றின் பேக்கேஜ்கள் இன்னும் ஒரே கூடையில்தான். எனவே ப்ராஜெக்ட் ஃபோல்டரில், பதிப்பு சரிதானா என்று பார்த்துவிட்டு:

பைத்தான் -எம் வென்வ் .வென்வ்
சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்
பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

இயங்குதளத்தின் பைத்தானிலேயே வென்வ் உருவாக்க முயன்று "என்ஷ்யூர்பிப் இல்லை" என்று பிழை வந்தால், டெபியன், உபுண்டுவில் பைத்தான்3-வென்வ் என்பது தனி பேக்கேஜ், அதை நிறுவுங்கள்.

வெறும் "பிப்" என்று தட்டாமல் "பைத்தான் -எம் பிப்" என்று தட்டுவதற்குக் காரணம்: பிப் என்ற கட்டளை வேறொரு பைத்தானுக்குச் சொந்தமானதாக இருக்கலாம். நீளமான வடிவத்தில், எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதிலேயே பேக்கேஜ் சேரும். "நிறுவினேன், ஆனால் இம்போர்ட் ஆகவில்லை" என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆக்டிவேட் முக்கியமாகச் செய்வது .வென்வ்/பின்னைப் பாத்தின் முன்னால் வைப்பது. ".வென்வ்/பின்/பைத்தான்" என்று நேராக ஓட்டினாலும் அதே சூழல் கிடைக்கும். சுடூவுக்கும் (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) க்ரானுக்கும் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) இதுதான் மருந்து. சுடூ உங்கள் பாத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வழக்கமாகத் தன்னுடையதை வைத்துக்கொள்ளும். க்ரானுக்கு உங்கள் .பேஷ்ஆர்சி என ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு இடத்திலும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

வென்வை இன்னொரு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், பெயரும் மாற்றாதீர்கள். அதனுள் பின் ஃபோல்டரில் உள்ள பிப் கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே பைத்தானின் முழுப் பாதை எழுதியிருக்கும். ஃபோல்டர் நகர்ந்தால் "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று வரும். அடிப்படைப் பைத்தானை நீக்கினாலும் நிலைமை இதுதான். வென்வ் என்பது வெட்டிப் போட்டு மறுபடி கட்டவேண்டிய பொருள். கிட்டில் சேர்க்கக் கூடாது, .கிட்இக்னோரில் சேர்க்க வேண்டும்.

பழைய பேக்கேஜைப் புதிய பைத்தானில் நிறுவும்போது திரையெங்கும் சி கம்பைலரின் பிழைகள் ஓடினால் பதறாதீர்கள். அந்தப் பதிப்புக்கு முன்கட்டிய வீல் கோப்பு இல்லை, அதனால் பிப் மூலநிரலில் இருந்து கட்டப் பார்க்கிறது. நம்பை 1.26தான் பைத்தான் 3.12ஐ முதலில் ஆதரித்தது, 1.21ஐ அதில் போட முயன்றால் இதுதான் நடக்கும். போதாததற்கு 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டுவிட்டது, பல பழைய பேக்கேஜ்களின் கட்டும் ஸ்கிரிப்ட் அதை நம்பியிருந்தது. வழி இரண்டு: பேக்கேஜை உயர்த்துங்கள், அல்லது பைத்தானை இறக்குங்கள். கம்பைலரோடு மல்லுக்கட்டுவது வழியல்ல.

பைத்தான்பாத் என்ற சூழல் மாறி உங்கள் .பேஷ்ஆர்சியில் இருந்தால் அதையும் நீக்குங்கள். வென்வுக்குள்ளும் அது கசியும்.

நோட்டில் வரும் சிக்கல்கள்

நோட்_மாட்யூல்ஸ் ஏற்கெனவே ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருப்பதால் இரண்டாவது அடுக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. பதிப்பு மாற்றும்போதுதான் வம்பு. சி++இல் எழுதிய பகுதி கொண்ட பேக்கேஜ் இருந்தால், பதிப்பு மாறியவுடன் இப்படி ஒரு பிழை வரலாம்: இந்த மாட்யூல் நோட்_மாட்யூல்_வெர்ஷன் 93க்குக் கட்டப்பட்டது, இந்த நோட்டுக்கு 127 வேண்டும். அந்த எண்கள் நோட்டின் உள் இடைமுகத்துக்குரியவை: நோட் 16க்கு 93, 18க்கு 108, 20க்கு 115, 22க்கு 127. ஆக 16இல் நிறுவியதை 22இல் ஓட்டுகிறீர்கள் என்று பிழையே சொல்லிவிடுகிறது. நோட்டின் பேக்கேஜ் கருவி என்பிஎம்; "என்பிஎம் ரீபில்ட்" பல நேரம் சரிசெய்யும். நோட்_மாட்யூல்ஸை அழித்துவிட்டு "என்பிஎம் சிஐ" ஓட்டுவது இன்னும் சுத்தம். அது லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும், இல்லாததைக் கற்பனை செய்யாது.

வெப்பேக் 4 (ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் கருவி) உள்ள பழைய ப்ராஜெக்டை நோட் 17இலோ அதற்கு மேலோ ஓட்டினால் "இஆர்ஆர்_ஓஎஸ்எஸ்எல்_இவிபி_அன்சப்போர்ட்டட்" வரும். வெப்பேக் எம்டி4 ஹேஷைக் கேட்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதைத் தர மறுக்கிறது. இதற்கு "--ஓப்பன்எஸ்எஸ்எல்-லெகஸி-ப்ரொவைடர்" என்பதை நோட்_ஆப்ஷன்ஸில் போடும் வைத்தியம் எங்கும் கிடைக்கும். அதை .பேஷ்ஆர்சியில் போட்டுவிடாதீர்கள். நோட் 16க்கு அந்த ஃப்ளாக் தெரியாது, தொடங்கவே மறுத்துவிடும். பழைய ப்ராஜெக்டும் சேர்ந்து படுத்துவிடும். அந்தப் ப்ராஜெக்டின் கட்டும் ஸ்கிரிப்டுக்குள் மட்டும் வையுங்கள்.

பேக்கேஜ்.ஜேசனில் "இன்ஜின்ஸ்" என்று பதிப்பைக் குறித்தாலும் என்பிஎம் எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்கும். நிறுத்த வேண்டுமென்றால் .என்பிஎம்ஆர்சியில் "இன்ஜின்-ஸ்ட்ரிக்ட்=ட்ரூ".

ஜாவா

ஜாவாவில் இரண்டு எஜமானர்கள். "ஜாவா" என்று தட்டினால் பாத் தீர்மானிக்கும். மேவன் என்ற கட்டும் கருவி, ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறியைப் பார்க்கும். இரண்டும் வேறு வேறு பதிப்பைக் காட்டினால் டெர்மினலில் 17 என்று தெரியும், கட்டுவது 8இல் நடக்கும். மேவன் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று "எம்விஎன் -வி" காட்டும். மீஸ், ஜாவா_ஹோமையும் சேர்த்தே மாற்றும், நீங்கள் கையால் .பேஷ்ஆர்சியில் எழுதி வைத்த பழைய வரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

"அன்சப்போர்ட்டட் க்ளாஸ் வெர்ஷன்" பிழையில் வரும் எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு: 52 என்றால் 8, 61 என்றால் 17. க்ரேடில் என்ற இன்னொரு கட்டும் கருவி பழைய ஜாவாவிலேயே அடம்பிடித்தால், பின்னணியில் ஓடும் அதன் டீமனை "--ஸ்டாப்" கொடுத்து நிறுத்துங்கள்.

கோ 1.21 முதல், கோ.மாட் கோப்பில் கேட்ட பதிப்பு இல்லையென்றால் தானே இறக்கிக்கொள்கிறது. ரஸ்டுக்கு ரஸ்ட்அப் போதும். இவ்விரண்டிலும் மீஸ் கட்டாயமில்லை.

எடிட்டர்

டெர்மினலில் எல்லாம் சரி, விஎஸ் கோடில் மட்டும் சிவப்புக் கோடு என்றால், எடிட்டர் வேறு பைத்தானைப் பார்க்கிறது. "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்" வழியாக .வென்வ்/பின்/பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். ஐகானைச் சொடுக்கித் திறந்த எடிட்டருக்கு ஷெல்லின் சூழல் முழுதாகப் போய்ச் சேராமல் இருக்கலாம், ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று டெர்மினலில் "கோட் ." என்று (இடைவெளி விட்டுப் புள்ளி) திறந்தால் சேரும்.

விண்டோஸ்

டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) வைத்துக்கொண்டால் மேலே உள்ளது அத்தனையும் அப்படியே பொருந்தும். நேரடி விண்டோஸில் என்றால் பை என்ற லாஞ்சர் உதவும்: "பை -0" நிறுவியிருக்கும் பதிப்புகளைக் காட்டும், "பை -3.12 -எம் வென்வ் .வென்வ்" குறிப்பிட்ட பதிப்பில் வென்வ் உருவாக்கும். ஆக்டிவேட் கோப்பு "பின்"னில் இல்லை, "ஸ்கிரிப்ட்ஸ்" ஃபோல்டரில் இருக்கும். பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட்ட மறுத்தால் "செட்-எக்ஸிக்யூஷன்பாலிஸி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்" ஒருமுறை ஓட்டுங்கள். "பைத்தான்" என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? செட்டிங்ஸில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ் பகுதியில் அதை அணையுங்கள்.

கன்டெய்னர் எப்போது

நோட் 18இன் அதிகாரப்பூர்வ பைனரிக்கு ஜிலிப்சி 2.28 வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17. எந்தப் பதிப்பு மேலாளரும் இதைத் தீர்க்க முடியாது, இது மூன்றாவது அடுக்கு. இங்கே கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் சரியான கருவி.

கன்டெய்னர் தொடங்கும் அச்சுக்கு இமேஜ் என்று பெயர். இமேஜுக்கு "லேட்டஸ்ட்" என்று எழுதாமல் "பைத்தான்:3.11-ஸ்லிம்-புக்வார்ம்" போல மொழியின் பதிப்பும் டெபியனின் பதிப்பும் தெரியும்படி எழுதுங்கள். ஆல்பைன் இமேஜ் சிறியது என்று ஆசைப்பட்டு எடுப்பவர்கள் உண்டு. அதில் ஜிலிப்சி இல்லை, அதற்குப் பதில் மஸல் என்ற வேறு சி நூலகம் இருக்கிறது. வழக்கமான லினக்ஸ் வீல்கள் அதில் செல்லாது. மஸலுக்கென்று தனி வீல் வெளியிடாத பேக்கேஜை அங்கேயே கம்பைல் செய்ய வேண்டி வரும், இமேஜின் சிறுமையும் போய்விடும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டரை உள்ளே மவுன்ட் செய்யும்போது மேக்கில் நிறுவிய நோட்_மாட்யூல்ஸும் சேர்ந்து போய், இமேஜுக்குள் லினக்ஸுக்காக நிறுவியதை மறைத்துவிடும். நோட்_மாட்யூல்ஸுக்கு மட்டும் தனி வால்யூம் கொடுங்கள். லினக்ஸில், கன்டெய்னர் எழுதிய கோப்புகள் ரூட் பெயரில் வந்து அழிக்க முடியாமல் கிடந்தால் "--யூசர் $(ஐடி -யு):$(ஐடி -ஜி)" சேர்த்து ஓட்டுங்கள்.

சோதனையும் துப்புரவும்

அமைப்பு சரியா என்று பார்க்க, ப்ராஜெக்டை வேறொரு ஃபோல்டரில் புதிதாக க்ளோன் செய்யுங்கள். "மீஸ் இன்ஸ்டால்", வென்வ், பிப், "என்பிஎம் சிஐ" ஆகியவற்றை மட்டும் ஓட்டி டெஸ்ட்களை ஓட விடுங்கள். இடையில் எதையாவது கையால் நிறுவ நேர்ந்தால், அது இன்னும் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை என்று பொருள். எழுதிவிட்டு மறுபடி க்ளோன் செய்யுங்கள்.

பதிப்புகள் சேரச் சேர வட்டு நிறையும். "மீஸ் எல்எஸ்" எதெது இருக்கிறது என்று காட்டும், "மீஸ் ப்ரூன்" எந்தக் கோப்பிலும் குறிப்பிடப்படாதவற்றை நீக்கும். நீக்கப்பட்ட பைத்தானின் மேல் நின்ற வென்வ்கள் அதோடு செத்துவிடும். அவற்றையும் அழித்து, வேண்டியதை மட்டும் படி 4இன்படி மறுபடி கட்டிக்கொள்ளுங்கள்.